நாலாம் தொட்டில்

பொடிசுக்குப் பதினைந்து வயது முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த வயதில் ஒருத்தி படுக்கையை நனைக்கிறாள் என்பது வெளியே தெரிந்தால், அதற்கப்புறம் மனுஷர் முகத்தில் முழிக்கவே முடியாது என்று அவள் திடமாக நம்பினாள்.

அது தெரிந்தவர் வீட்டில் ஒருவர்தான், அம்மா. சின்ன வயதிலேயே நின்றுபோன சங்கதி, பதிமூன்றில் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டு டாக்டர்கள் பார்த்துவிட்டார்கள். தானாக நின்றுவிடும் என்று இருவருமே சொன்னார்கள். எப்போது என்றுதான் இருவரும் சொல்லவில்லை. அக்காவிடம்கூடச் சொல்ல வேண்டாம் என்று அம்மா முடிவு பண்ணியிருந்தாள். "அவ வாய்ல எதுவும் தங்காது. நாலு பேரை வச்சுக்கிட்டே கேட்டுத் தொலைப்பா."

அப்படிப்பட்ட அக்காவோடு ஒரு மாதம் தங்கப் போகிறேன் என்று அடம்பிடித்தது பொடிசுதான். அக்கா அவளைவிடப் பதினோரு வயது பெரியவள். பல்கலைக்கழகத்தில் பாக்டீரியாக்களை ஆராய்கிறவள். வருஷத்தில் பாதி நாள் பாலைவனத்துக்கு நடுவே ஒரு ஊற்றுக் குளத்தின் கரையில் இருப்பாள். விடுமுறைக்கு அங்கே போய் வந்தால் பள்ளிக்கூடத்தில் ஒரு மாதத்துக்கு அதையே சொல்லி அலட்டிக்கொள்ளலாம். அம்மா கடைசியில் இறங்கி வந்தாள். பெட்டியின் அடியில் ஒரு ரப்பர் விரிப்பையும், ஒரே மாதிரி இரண்டு வெள்ளைப் படுக்கை விரிப்புகளையும் வைத்தாள்.

"ஏழு மணிக்கு மேல தண்ணி குடிக்காதே. படுக்கறதுக்கு முன்னாடி போயிட்டு வா. யாரு கேட்டாலும் வாயத் தொறக்காதே."

முதல் கட்டளை முதல் நாளே காற்றில் பறந்தது. அந்த வெயிலில் உதடு வெடித்து ரத்தம் கட்டியது. அக்கா ராத்திரி பாட்டிலோடு வந்து நின்றாள்.

"குடிடீ."

"குடிச்சிட்டேன்க்கா."

"எப்போ, போன ஜென்மத்துலயா? இங்க தாகம் எடுக்கற வரைக்கும் காத்திருந்தா சுருண்டு விழுந்துடுவ. உன்னத் தூக்கிட்டு அலைய எனக்கு நேரமில்ல."

"விடுங்க, பெரிய மனுஷி ஒட்டகத்துக்குப் பொறந்தவ போல" என்றான் உப்பு. அவன் அக்காவோடு படித்தவன், குளத்துத் தண்ணீரில் என்னென்ன கரைந்திருக்கிறது என்று அளக்கிறவன், அதனால் அந்தப் பெயர். அங்கே இருந்த நான்காவது ஆள் வண்டி ஓட்டும் அண்ணன். இரண்டு நாளைக்கு ஒருமுறை போய்த் தண்ணீர் ஏற்றிவருவார். ஆளுக்கு இருபது லிட்டர் கேன். குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாம் அதற்குள்தான். கேனில் அக்கா பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தாள். ஒரு குவளை கூடுதலாக எடுத்தாலும் தெரிந்துவிடும்.

இத்தனைக்கும் அவர்கள் தங்கியிருந்த தகர வீட்டிலிருந்து நூறு அடியில் குளம் நிறையத் தண்ணீர் இருந்தது. தொடக்கூடாது, அவ்வளவுதான். சோப்பு, எச்சில், வேர்வை, கை, கால் எதுவும் தண்ணீரில் படக்கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

"இந்தத் தண்ணில என்ன தெரியுது?" என்று மறுநாள் பலகைப் பாதையில் நின்றுகொண்டு அக்கா கேட்டாள்.

"ஒண்ணுமே இல்லையே. அடி வரைக்கும் தெரியுது."

"அதான் விஷயமே. இதுல பாஸ்பரஸத் தேடுறது மொட்டைத் தலைல பேன் தேடுற மாதிரி. ஆனா எந்த உயிருக்கும் அது இல்லாம முடியாது. உடம்பச் சுத்தியிருக்கற தோலுக்கு வேணும். மரபணு இருக்கே, அந்த இழையத் திரிக்கறதுக்கே அது வேணும்."

"அப்போ இதுங்கெல்லாம் எப்படி உயிரோட இருக்கு?"

"சிக்கனம்! தோல்ல பாஸ்பரஸ் இருக்க வேண்டிய இடத்துல கந்தகத்த வச்சு ஒட்டுப்போட்டுக்குச்சு. மரபணுத் தொகுதில தேவையில்லாதத எல்லாம் தூக்கிக் கடாசிடுச்சு. இழை குட்டையானா செலவு கம்மி பாரு. வேகமா வளர உதவுற மரபணு, மத்த பாக்டீரியால பத்து நகல் இருந்தா இதுல ஒண்ணோ ரெண்டோதான். மெதுவா வளந்தாப் போதும், செத்துப் போகாம இருந்தாப் போதும்னு ஆயிரக்கணக்கான வருஷமா இப்படியே ஓட்டுதுங்க."

"நம்ம அம்மா மாதிரி."

"அம்மா எங்கடீ தூக்கிக் கடாசுவா? அறுந்த செருப்பக்கூட எடுத்து வைப்பா."

குளத்தில் ஆறு மிதக்கும் வளையங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பெரிய கண்ணாடி நிறப் பை தண்ணீருக்குள் தொங்கியது. உள்ளே நானூறு லிட்டர் குளத்துத் தண்ணீர், அடியில் ஒரு சாண் குளத்துச் சேறு, மேலே பறவை எச்சம் விழாமல் ஒரு வலை. தொங்குவதால் அதற்குத் தொட்டில் என்று பெயர் வைத்திருந்தார்கள். முதல் மூன்று தொட்டில்களுக்கு அக்கா நாள்தோறும் சொட்டுச் சொட்டாக உரம் போட்டாள். அவை பச்சை பிடிக்க ஆரம்பித்திருந்தன. மற்ற மூன்றுக்கும் ஒன்றும் கிடையாது. சாப்பாடு கிடைத்தால் எந்த மாதிரி மரபணுத் தொகுதி ஜெயிக்கிறது, கிடைக்காவிட்டால் எது தாக்குப்பிடிக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவளுடைய மூன்று வருஷ வேலையின் சாரம்.

எட்டாம் நாள் விடியலில் பொடிசு கண்ணைத் திறக்கும் முன்பே கையை அடியில் விட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

அடுக்குக் கட்டிலின் மேல் தட்டில் அக்கா குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். வெயில் ஏறினால் அந்தத் தகர அறை அடுப்பாகிவிடும். நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும். கேனில் கோடு இருந்தது. பொடிசு விரிப்பைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். குளத்தில் நேராக முக்கினால் மொத்தக் குளமும் அசிங்கமாகிவிடுமே என்று அந்தப் பதற்றத்திலும் அவளுக்குத் தோன்றியது. தொட்டில் என்றால் தனியாக இருக்கிறது, வாளி மாதிரி. பச்சையாக இருந்த மூன்றில் முக்கினால் வெள்ளை விரிப்பில் கறை பிடித்துக்கொள்ளும். தெளிந்த மூன்றில் கைக்கு எட்டியது நாலாவது. வலையைத் தூக்கினாள், முக்கினாள், பிழிந்தாள், மறுபடி முக்கினாள். கதவில் ஒட்டிய தாளில் இது எழுதவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எழுதாததற்குக் காரணம், இப்படி ஒருத்தி வருவாள் என்று யாரும் கனவிலும் நினைக்காததுதான் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

பாறை மேல் போட்ட விரிப்பு அரை மணியில் அட்டை மாதிரி விறைத்துக் காய்ந்தது. ஒருவருக்கும் தெரியவில்லை. அதனால் பதினோராம் நாளும் அப்படியே செய்தாள். பதினான்காம் நாளும்.

இருபதாம் நாள் நாலாம் தொட்டில் பச்சையானது.

முதலில் பார்த்தவன் உப்பு. தண்ணீரை அளந்தான். பாஸ்பரஸ் இல்லை. கருவியைக் கழுவி மறுபடி அளந்தான். அப்போதும் இல்லை. அக்கா ஒரு சொட்டை எடுத்து, உள்ளங்கை அகலமே இருந்த ஒரு கருவியில் ஏற்றி, உள்ளே இருந்தவற்றின் மரபணுக்களைப் படித்தாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் பொடிசின் தோளைப் பிடித்துக் குலுக்கினாள்.

"உரம் போட்ட தொட்டில்ல இருக்கற மாதிரியே இருக்குடீ! பெரிய பெரிய மரபணுத் தொகுதி, நகல் மேல நகல். பட்டினி போட்ட தொட்டில் இது. தண்ணில பாஸ்பரஸே இல்ல. அப்போ எங்கேருந்து வந்துச்சு? சேத்துல சுண்ணாம்போட பூட்டிக் கிடக்கே, அத உடைச்சு எடுக்கக் கத்துக்கிட்ட ஏதோ ஒண்ணு உள்ள இருக்கு. இத மட்டும் காட்டிட்டேன்னு வையி..."

"ரொம்பத் துள்ளாதீங்க" என்றான் உப்பு. ஆனால் அவன் முகத்திலும் பல் தெரிந்தது.

செல்போன் சிக்னல் பின்னால் இருந்த மேட்டில்தான் கிடைக்கும். காலை எட்டு மணிக்கு எல்லாரும் அங்கே ஏறி அவரவர் பேச்சைப் பேசி முடிப்பார்கள். நாளைக்கு எட்டு மணிக்கு அக்கா, தன் ஆராய்ச்சிக்குத் தலைவியான மேடத்திடம் இதைச் சொல்லப் போகிறாள். அடுத்த மாதம் நடக்கும் பெரிய கூட்டத்தில் மேடையேறி இதையேதான் பேசுவாள்.

பொடிசு ராத்திரி முழுக்க அந்த மேடையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பெரிய மண்டபம். நூறு பேர். அக்கா நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டி, தங்கச்சியின் மூத்திரத்தைக் கண்டுபிடிப்பு என்று விளக்கிக்கொண்டிருந்தாள். கடைசி வரிசையில் எவனோ ஒருவன் சிரித்தான்.

"அக்கா. தூங்கிட்டியா?" மேல் தட்டுப் பலகையைப் பார்த்துக் கேட்டாள். முகம் தெரியாதது ஒரு சௌகரியம்.

"தூக்கமா? இன்னிக்கா?"

"நாலாவதுல ஏதாவது வெளிலேருந்து விழுந்திருந்தா?"

"வலை இருக்கே, என்ன விழும்?"

"வலையத் தூக்கிட்டு யாராவது..."

"யாரு, உப்பா? அவன் தன் காலத் தூக்கவே யோசிப்பான்."

"நான்."

மேலே பலகை கிறீச்சிட்டு நின்றது.

"என்ன பண்ணுன?"

"பெட்ஷீட்ட அலசினேன்."

"அதுலயா? ஏன்டீ? சோப்பு போட்டியா?"

"இல்ல. ராத்திரில எனக்கு... ஆயிடுச்சு."

அக்கா சிரித்துவிட்டாள். "அட லூசே! பீரியட்ஸா? இதுக்கா இப்படிப் பம்முற? எங்கிட்டச் சொன்னா நான் தண்ணி தரமாட்டேனா? கறைதானே?"

பொடிசின் நெஞ்சு சட்டென்று லேசானது. இப்படி ஒரு வாசல் திறக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அதற்காக வெட்கப்பட்டால் போதும், அது எல்லாருக்கும் வருகிற வெட்கம். "ஆமா" என்றாள்.

"நானூறு லிட்டர்ல ரெண்டு சொட்டு ரத்தம். இரும்பு கொஞ்சம் ஏறியிருக்கும். இருந்தாலும் இவ்ளோ பச்சை வராது." அக்கா மேலே வாய்விட்டுக் கணக்குப் போட்டாள். "இல்ல, வராது. அத ஒரு ஓரமா சொல்லிடலாம். நம்ம கதைக்கு ஒண்ணும் ஆகாது. பயமுறுத்திட்டியேடீ எருமை. தூங்கு."

தூங்கலாம். பேசாமல் திரும்பிப் படுத்தால் முடிந்தது. மேலே அக்கா ஏதோ ஒரு பாட்டை மூக்கால் முனகுவது கேட்டது. அவ்வளவு சந்தோஷம். பொடிசு பத்து வரை எண்ணினாள், மறுபடி பத்து வரை எண்ணினாள். தலையணையை வாயோடு அழுத்திக்கொண்டு சொன்னதால் முதல் தடவை அக்காவுக்குக் கேட்கவில்லை.

"என்னடீ?"

"ரத்தம் இல்ல. மூத்திரம். நான் படுக்கைல போயிடறேன். ரெண்டு வருஷமா. அம்மாவுக்குத் தெரியும். இங்க வந்து மூணு தடவ."

முனகல் நின்றது. அக்கா ஏணியைத் தொடாமல் குதித்தாள். தலையில் மாட்டும் விளக்கை எரியவிட்டாள். வெளிச்சம் நேராக முகத்தில் அடித்தது. அவள் கட்டிப்பிடிக்கப் போகிறாளா அடிக்கப் போகிறாளா என்று பொடிசுக்குப் புரியவில்லை. அவள் இரண்டும் செய்யாமல் நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"ஒரு தடவைக்கு எவ்ளோ இருக்கும்?"

"தெரியாது."

"ஒரு குவளை? அரை? விரிப்பு மட்டும் நனைஞ்சுதா, நைட்டியும் சேத்து அலசினியா?"

"நைட்டியும்."

அதைச் சொன்னபோது காதுமடல்வரை எரிந்தது. அக்கா தலை நிமிராமல் எழுதினாள், பெருக்கினாள், வகுத்தாள். கடைசியில் வந்த எண்ணை இரண்டு தடவை அடிக்கோடிட்டாள்.

"உரம் போட்ட தொட்டிலுக்கு நான் அளந்து அளந்து ஊத்தினதுல பாதிக்கு மேல வருது. அதான் இந்தப் பச்சை. தண்ணில ஏன் ஒண்ணும் காட்டலைன்னா, விழுந்த வேகத்துல அதுங்க முழுங்கிடுச்சுங்க. காலங்காலமா பட்டினி கிடந்ததுங்க இல்லையா."

"சாரிக்கா."

"படுக்கைல போனதுக்கு எதுக்குடீ சாரி?" அக்காவின் குரல் உடைந்தது. "மூணு நாளா நான் பைத்தியம் மாதிரி ஆடிட்டிருந்தேனே, பக்கத்துலயே நின்னு பாத்துட்டிருந்தியே. வாயத் தச்சா வச்சிருந்த?"

இரண்டு வருஷமாக எதற்கு வெட்கப்பட்டோமோ அது ஒன்றுமே இல்லை, இதுதான் வெட்கம் என்று பொடிசுக்கு அப்போது உறைத்தது. அக்கா விளக்கை அணைத்துவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். விடியும்வரை உள்ளே வரவில்லை.

எட்டு மணிக்கு நாலு பேரும் மேட்டில் நின்றார்கள். ஏறும்போதே அக்கா முணுமுணுத்தாள், "உன் பேர் வராது. யாரோ தெரியாம துணி அலசிட்டாங்கன்னு சொல்லிக்கறேன்."

மேட்டில் காற்று பலமாக அடித்ததால் போனை ஸ்பீக்கரில் போட வேண்டியிருந்தது. அக்கா சொன்னதை மேடம் முழுசாகக் கேட்டார்.

"யாரோன்னா யாரு? எத்தனை தடவ? எந்தெந்த நாள்?"

"அது சரியா..."

"சரியாத் தெரியலைன்னா மத்த அஞ்சையும் எப்படி நம்புறது? அஞ்சாவதுலயும் ஆறாவதுலயும் அவங்க கை வைக்கலைன்னு என்ன நிச்சயம்? ஆறையும் தூக்கிப் போட்டுட்டு அடுத்த வருஷம் முதல்லேருந்து ஆரம்பிங்க."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். வண்டி அண்ணன் தூரத்தில் எதையோ பார்ப்பதுபோல் நின்றார். உப்பு போனையே பார்த்துக்கொண்டிருந்தான். பொடிசு ஓர் அடி முன்னால் வந்தாள்.

"மேடம், நான் தங்கச்சி பேசறேன். நான்தான். ராத்திரி படுக்கைல மூத்திரம் போயிட்டேன். எட்டாம் நாள், பதினொண்ணாம் நாள், பதினாலாம் நாள். நாலாவதுல மட்டும்தான் அலசினேன். பச்சையா இருந்ததுல கறை பிடிக்கும்னு தொடல. அஞ்சும் ஆறும் எட்டல."

வாய் அதுபாட்டுக்குப் பேசியது.

அந்தப் பக்கம் எதையோ எழுதும் சத்தம் கேட்டது. "விடியறதுக்கு முன்னாடியா பின்னாடியா?"

"முன்னாடி."

"எத்தனை தடவ முக்கிப் பிழிஞ்சே?"

"நாலு. இல்ல, அஞ்சு."

"ஏதாவது மருந்து சாப்பிடறியா?"

"இல்ல மேடம்."

"சரி. நாலாவதக் காலி பண்ணுங்க. மத்தது இருக்கட்டும்." போன் கட்டாகிவிட்டது.

நாலாம் தொட்டிலைக் குளத்துக்குள் திறந்துவிட முடியாது. அந்தப் பச்சை வெளியே கலந்தால் மொத்தக் குளமும் கெட்டுவிடும். வாளியால் மொண்டு, இருநூறு அடி தள்ளி மணலில் கொட்ட வேண்டும். நானூறு லிட்டர், நாற்பது வாளி, சேறு தனி. நாலு பேரும் இறங்கினார்கள். வாளித் தண்ணீர் பாசி நாறியது. பொடிசின் காலில் தளும்பி வழிந்தது.

"பாதி ரொப்பும்மா பாப்பா, இடுப்பு புடிச்சுக்கும்" என்றார் அண்ணன்.

உப்புதான் வாயே திறக்கவில்லை. மூச்சுக்கு முந்நூறு கிண்டல் பண்ணுகிறவன் பெரிய மனுஷி என்றுகூடக் கூப்பிடாமல் வாளியை வாங்கினான், கொடுத்தான். அவன் நாலு வார்த்தை கிண்டல் பண்ணித் தொலைத்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. இருபதாவது வாளியோ என்னவோ, அவன் மணலில் கொட்டிவிட்டு அங்கேயே நின்றான்.

"அளந்து இல்லன்னு வந்ததும் மேல யோசிக்காம விட்டுட்டேன். தண்ணில இல்லைன்னா அதுங்க வயித்துல இருக்கான்னு பாத்திருக்கணும். உங்கக்காவ ஆட விட்டவன் நான்." வாளியைத் தட்டினான். "சரி, நட."

அன்று சாயங்காலம் அக்கா நோட்டில் நாலாம் தொட்டிலின் பக்கத்தில் மூன்று தேதிகளையும் எழுதி, பக்கம் முழுவதும் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். மூன்று வருஷத்தில் ஒரு பங்கு அந்தக் கோட்டுக்கு அடியில் போய்விட்டது. ராத்திரி படுக்கும் முன் வழக்கம்போல் பாட்டிலோடு வந்து நின்றாள். குடி என்று சொல்லவில்லை. கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு மேலே ஏறிக்கொண்டாள். பொடிசு பாதி குடித்தாள்.

விடியலில் கண்ணைத் திறக்கும் முன்பே கையை அடியில் விட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். சுருட்டிக்கொண்டு ஓடக் கால் தானாகத் தயாரானது. ஓடவில்லை. விரிப்பை உருவி மடித்து வைத்துவிட்டு, ஏணியில் ஒரு படி ஏறினாள். கையை நீட்டி அக்காவின் பாதத்தைத் தொட்டாள்.

"ம்ம்?"

"அக்கா. எனக்கு ஒரு வாளி தண்ணி வேணும்."

அக்கா ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, தூக்கம் கலையாத குரலில் சொன்னாள்: "என் கேன்லேருந்து எடுத்துக்கோ. கோட்ட நான் அழிச்சுக்கறேன்."

பொடிசு வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். உப்பு வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தான். அவளுக்கு முகம் தீயாக எரிந்தது. ஆனாலும் அவனைத் தாண்டி, விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, நேற்று நாற்பது வாளியும் கொட்டிய மணலை நோக்கி நடந்தாள்.